மூன்றாம் தொட்டியில் பாப்கார்ன் வாசம்

கண்ணாடிக் குவளையை மூக்கருகே கொண்டுபோன யுகேந்திரன், "படம் எத்தன மணிக்கு அண்ணே?" என்று கேட்டான்.

கார்த்திகேசு சிரிக்கவில்லை. "என்ன தம்பி?"

"தியேட்டர் வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. பாப்கார்ன். வெண்ணெய் கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டாங்க."

"அதான் கேஸே. பீர்ல பீர் வாசம் வரணும்லா. இது ரெண்டாயிரம் லிட்டர் பாப்கார்ன்."

அமுதவள்ளி குவளையை வாங்கி முகர்ந்தார். காப்புறுதி நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தவர். எரிந்த கடைகளையும் காணாமல் போன லோரிகளையும் பார்த்திருக்கிறார். கெட்டுப்போன பீருக்கு அழைப்பு வந்தது இதுவே முதல் தடவை. யுகேந்திரன் அவருடைய உதவியாளன், ஓட்டுநர். யாரும் கேட்காமலே கருத்துச் சொல்வது மூன்றாவது வேலை.

கிள்ளானுக்கு வடக்கே மேருவில், ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவில் இருந்தது கார்த்திகேசின் நீலக்கொக்கு பீர் ஆலை. கூம்பு வடிவ அடிப்பாகத்துடன் ஆளுயரத்துக்கு மேல் ஐந்து எஃகுத் தொட்டிகள். மூன்றாவது தொட்டிக்கு முன்னால்தான் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தொட்டியின் கைப்பிடியில் கார்த்திகேசு ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைத்திருந்தார்.

"சீனப் புத்தாண்டுக்கு கிள்ளான்ல பதினாறு ரெஸ்டாரன்ட் ஆர்டர். மொத பெரிய ஆர்டர் மேடம். வேணும்னே கெடுத்துட்டா."

"யாரு?"

"புஷ்பவல்லி. என் பீர் மாஸ்டர். நாலு வருஷம் சோறு போட்டேன்."

"சம்பளமும் குடுத்திருப்பீங்க," என்றான் யுகேந்திரன்.

கார்த்திகேசு தன் கைப்பேசியை நீட்டினார். தொட்டிகளின் குளிர்நிலையைக் காட்டும் செயலி. ஜனவரி முதல் தேதிதான் அதைப் போட்டிருக்கிறார். மூன்றாம் தொட்டிக்கு நேராக இரண்டு வரிகள் இருந்தன. ஞாயிறு மதியம் 12.40: பத்து டிகிரியிலிருந்து பதினாறு. திங்கள் காலை 7.05: பதினாறிலிருந்து ஒன்று.

"ஞாயித்துக்கெழம ஆலை லீவு. யாரோ உள்ள வந்து சூட்ட ஏத்திருக்காங்க. திங்கக்கெழம காலைல ஃபோன் அலறுது, பாத்தா பதினாறு. அப்பவே ஃபோன்லயே ஒரு டிகிரிக்கு எறக்கிட்டேன். நான் பாக்கலன்னா என்ன ஆயிருக்கும் சொல்லுங்க? ஆனா ஒரு ராத்திரி சூட்டுல கெட்டுப் போச்சு. நேத்து டேஸ்ட் பண்ணேன். இந்த லட்சணம்."

"புஷ்பவல்லி என்ன சொல்றாங்க?"

"திங்கக்கெழமயே மெசேஜ் போட்டேன், நீயா சூடாக்குனேன்னு. 'நான் ஞாயித்துக்கெழம அங்க வரவே இல்ல, பத்துமலை முருகன் கோயில்ல இருந்தேன்'ங்கறா. கதவு மெஷினப் பாத்தா அவ கார்டுதான் 11.55-க்கு விழுந்திருக்கு. வேலைக்கு வராதன்னுட்டேன். போலீஸ் ரிப்போர்ட் டைப் பண்ணி ரெடி. மூணு மணிக்குக் கஸ்டம்ஸ் ஆபீசர் வராங்க. வரி கட்டாம இருக்கணும்னா அவங்க கண்ணு முன்னால கொட்டணும். கொட்டிட்டு நேரா ஸ்டேஷன்தான். எனக்கு வேண்டியதெல்லாம், அவதான் வந்தாங்கறதுக்கு ஒரு சாட்சி."

அமுதவள்ளி கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். நான்கு மணி நேரத்தில் ஒரு பெண்ணின் பெயர் காவல் நிலையத்தில் ஏறப்போகிறது.

"பீர் எப்படிச் செய்றீங்கன்னு சுருக்கமாச் சொல்லுங்க," என்றார்.

"எதுக்கு மேடம்?"

"எப்படிக் கெட்டதுன்னு தெரியணும்னா எப்படி நல்லா வருதுன்னு தெரியணும்."

கார்த்திகேசுக்கு அது பிடித்திருந்தது. வாடிக்கையாளர்களுக்கு நூறு தடவை சொன்ன பாடம். "பார்லிய மொளைக்க வெச்சு லேசாக் காய வெச்சா மால்ட். ரொம்ப வறுத்தா பீர் கறுத்துரும், நமக்கு வெளிர் மஞ்சள் வேணும். அத அரைச்சு, அறுபத்தஞ்சு டிகிரி தண்ணில ஒரு மணி நேரம் ஊறப் போட்டா மாவெல்லாம் சக்கரையாயிரும். சக்கைய வடிச்சிட்டு, தண்ணில ஹாப்ஸ் பூவப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வெக்கணும். கசப்பு அதுலதான். அப்புறம் பத்து டிகிரிக்கு ஆற வெச்சு ஈஸ்ட் போடணும். சாதா பீர் மாதிரி அவசரப்படாது லாகர் ஈஸ்ட். குளிர்லயே மெதுவா வேல செஞ்சிட்டு அடில போய்ப் படுத்துக்கும். பத்து நாள். அப்புறம் ஜீரோவுக்குப் பக்கத்துல மூணு வாரம் தூங்கணும். தெளிஞ்சு, பளபளன்னு வரும்."

"பத்து டிகிரிக்கும் ஜீரோவுக்கும் நடுவுல?"

"நடுவுல என்ன இருக்கு? நேரா எறக்க வேண்டியதுதான்."

"நீங்களே எறக்குவீங்களா?"

"அதெல்லாம் அவ வேல. நான் சேல்ஸ். முன்ன இருபது வருஷம் செலாயாங் பாசாருக்கு ஐஸ் மீன் லோரி ஓட்டுனேன். அத வித்துதான் இது."

அமுதவள்ளி தலையசைத்துவிட்டு ஆய்வறையைத் திறக்கச் சொன்னார். திங்கட்கிழமை கார்த்திகேசு பூட்டியதிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை. எஃகு மேசை மேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள், இரண்டிலும் பீர், இரண்டின் மேலும் தேநீர்த் தட்டு மூடியிருந்தது. ஒன்று தனியாக நின்றது. மற்றது ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் நின்றது. பாத்திரத்துக்குப் பக்கத்தில் மின்சாரக் கெண்டி.

"பீரச் சுட வெச்சிருக்கான்," என்றான் யுகேந்திரன். "அக்கா, இவன் திருடன் இல்ல. நோயாளி."

"குடிச்சானா பாரு."

யுகேந்திரன் குனிந்து பார்த்தான். விளிம்பில் உதட்டுத் தடம் இல்லை. இரண்டிலும் அளவு ஒரே மட்டம். "ஒரு வாய்கூட எறங்கல. பீர் ஆலைக்குள்ள திருட்டுத்தனமா வந்து, பீர ஊத்தி, சூடு பண்ணி, குடிக்காமப் போயிருக்கான். இவனப் புடிச்சுக் குடுக்கறத விட மாலை போடலாம்."

குவளைகளில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவில் ஊதா மையால், குண்டு குண்டான தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது: 'ஞாயிறு 12.05 சூடு'. மற்றதில்: 'ஞாயிறு 12.05 சூடில்ல'.

"புஷ்பவல்லி தமிழ்ல எழுதுவாங்களா?"

"அவ எழுதறதெல்லாம் இங்லீஷ்," என்று கார்த்திகேசு சுவரில் தொங்கிய குறிப்புத்தாள் கட்டைக் காட்டினார். ஒவ்வொரு முறை பீர் காய்ச்சியபோதும் ஒரு தாள். தேதி, டிகிரி, கோடு போட்ட வரைபடம். கட்டை அப்படியே கழற்றித் தன் பைக்குள் வைத்தார் அமுதவள்ளி. "மூணு மணிக்குத் தரேன்."

அதற்குள் யுகேந்திரன் கழிப்பறைக்குப் போயிருந்தான். வழக்கத்தை விடச் சீக்கிரமாகத் திரும்பினான். "அக்கா, டாய்லெட் கதவுப் பின்னால சுத்தம் பண்ற அட்டை தொங்குது. ஊதா மை. அதே குண்டு எழுத்து. கையெழுத்து, தங்கமணி. சாட்சிய டாய்லெட்ல கண்டுபிடிச்ச மொத ஆள் நானாத்தான் இருக்கணும்."

"கைய கழுவுனியா?"

"சந்தோஷத்துல மறந்துட்டேன்."

தங்கமணி ஒப்பந்தத்தில் வேலை செய்யும் துப்புரவுத் தொழிலாளி. வியாழக்கிழமைகளில் கிள்ளான் நகரில் ஒரு பல் மருத்துவமனையைக் கூட்டித் துடைப்பார் என்று கார்த்திகேசு சொன்னார். "அந்தம்மாவுக்கு பீர் பத்தி என்ன தெரியும்? பச்சத் தண்ணி குடிக்கிற ஆளு."

தெங்கு கிளானா சாலையின் நெரிசலில் யுகேந்திரன் இருபது நிமிடம் ஊர்ந்து, பூக்கடை ஓரமாகக் காரைச் சொருகினான். மருத்துவமனை மாடிப்படியில் துடைப்பமும் வாளியுமாக நின்ற தங்கமணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அமுதவள்ளி 'ஞாயிறு' என்று தொடங்கியதுமே அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சொட்டு குடிக்கலங்க. எங்கப்பன் மேல சத்தியமா. மோந்துதான் பாத்தேன்."

"குடிச்சீங்கன்னு யாரும் சொல்லலக்கா. ஏன் மோந்து பாத்தீங்க?"

"புஷ்பா மோந்து பாக்கக்கூடாதுல்ல, அதான்."

"ஏன் கூடாது?"

தங்கமணி, இது கூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தார். "வெரதங்க. பூசத்துக்கு மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள். மால்ட் அரைக்கும், தண்ணி காய்ச்சும், எல்லா வேலையும் பாக்கும். ஆனா பீர வாயில வெக்காது, மோந்தும் பாக்காது. வருஷா வருஷம் அந்த நாப்பத்தெட்டு நாளும் நான்தான் மூக்கு."

யுகேந்திரன் மெதுவாக, "நாலு வருஷமா இந்த நாட்டுல ஜனவரி மாச பீர் ஒரு டீடோட்டலர் மூக்குலதான் பாஸாவுதா?" என்றான்.

"நல்ல மூக்குதான் தம்பி. நீங்க காலைல பெட்டாய்க் கொட்டை சம்பல் சாப்பிட்டிருக்கீங்க. அந்த நாத்தம் இன்னும் போகல."

யுகேந்திரன் இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டான்.

கூட்டத்துக்குப் பயந்து பலர் பூசத்துக்கு முந்தைய ஞாயிறுகளிலேயே நேர்த்திக்கடனை முடித்துவிடுவது பத்துமலையில் சாதாரணம். புஷ்பவல்லியும் இந்த ஞாயிறு பால்குடம் எடுத்தாள். ஆனால் மூன்றாம் தொட்டிக்கு அன்றுதான் பத்தாம் நாள். அதனால் தன் அட்டையைத் தங்கமணியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தங்கமணி தொட்டியிலிருந்து இரண்டு குவளை பிடித்து, ஒன்றைச் சுடுதண்ணீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் முகர்ந்து புஷ்பவல்லிக்குக் குரல் செய்தி அனுப்ப வேண்டும். பதிலுக்கு வரும் எண்ணைத் தொட்டியின் கட்டுப்பாட்டுப் பலகையில் அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"இதப் போய் ஏன் மொதலாளிகிட்ட சொல்லல?"

"கார்ட வேற ஆளு கைல குடுத்தா ரெண்டு பேருக்கும் வேல போயிரும்னு கதவுலயே ஒட்டி வெச்சிருக்காரே. புஷ்பா சொல்லிருச்சு, 'நீங்க வாயத் தொறக்காதீங்க, நான் பாத்துக்கறேன்'னு." தங்கமணி துடைப்பத்தைப் பார்த்தார். "என்னாலதான் அந்தப் புள்ளைக்கு வேல போச்சுங்களா?"

"அந்தக் குரல் செய்தி இருக்கா?" என்றார் அமுதவள்ளி.

இருந்தது. நேரம் 12.33. அமுதவள்ளி அதை இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவை அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. யுகேந்திரனுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். யாரோ ஒருவருக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்கப் போவதில்லை என்று பொருள்.

"வாளிய வெச்சிட்டு எங்களோட வாங்கக்கா. புஷ்பவல்லிக்கும் ஃபோன் போடுங்க. அவங்க வீடு எங்க?"

"காப்பார்."

"மோட்டார் சைக்கிள்ல நேரா ஆலைக்கு வரச் சொல்லுங்க."

மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது ஆலைக்குள் சுங்க அதிகாரி, ஒரு மலாய்ப் பெண்மணி, படிவத்தை விரித்து வைத்திருந்தார். கார்த்திகேசு கழிவுநீர்க் குழாயை மூன்றாம் தொட்டியில் மாட்டியே விட்டிருந்தார். தங்கமணியைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. அமுதவள்ளி விளக்கம் எதுவும் சொல்லாமல் தங்கமணியின் கைப்பேசியை எடுத்துக் குரல் செய்தியை ஓடவிட்டார்.

'புஷ்பா, சுட வெச்ச கிளாஸ்ல பாப்கார்ன் வாசம் வருது. சுட வெக்காததுல இல்ல, ரொட்டி வாசம்தான். நீ சொன்ன மாதிரி ரெண்டு தடவ மோந்துட்டேன். என்ன நம்பர் அமுக்கணும்?'

"பாத்தீங்களா," என்றார் கார்த்திகேசு. "கெடுத்ததே இவங்கதான். அவ சொல்லி."

"நேரத்தப் பாருங்க. பன்னெண்டு முப்பத்துமூணு. சூட்ட ஏத்துனது பன்னெண்டு நாப்பது. பாப்கார்ன் வாசம் ஏழு நிமிஷம் முன்னாலயே உங்க பீருக்குள்ள ஒளிஞ்சிட்டு இருந்திருக்கு. சூடு அத உண்டாக்கல."

"அப்ப எதுக்கு ஏத்தணும்?"

அமுதவள்ளி பையிலிருந்த தாள் கட்டை எடுத்து மேசை மேல் விசிறி போல விரித்தார். முப்பத்தோரு தாள்கள். எல்லாவற்றிலும் பத்து டிகிரியில் நேராகப் போகும் கோடு, பத்தாம் நாள் வாக்கில் ஒரு சின்னக் குன்று போலப் பதினாறுக்கு ஏறி, இரண்டு நாள் அங்கேயே நின்று, பிறகு சரிந்து இறங்கியது.

"அண்ணே, உங்க ஆலைல இந்தக் குத்தம் நாலு வருஷமா நடக்குது. முப்பத்தோரு தடவ. முப்பத்தோரு தடவையும் நீங்க நல்ல பீர்னு வித்திருக்கீங்க."

கார்த்திகேசு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவர் தன் ஆலையின் குறிப்புகளைப் படிப்பது அதுவே முதல் தடவை என்பது விரல்களில் தெரிந்தது.

வெளியே மோட்டார் நின்ற சத்தம் கேட்டது. உள்ளே வந்த பெண் தலைக்கவசத்தைக் கழற்றினாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. புஷ்பவல்லி யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேராகத் தொட்டியின் பலகையைப் போய்ப் பார்த்தாள்.

"ஒரு டிகிரியா?" என்றாள். "யாரு எறக்குனது?"

யுகேந்திரன் கூரையைப் பார்த்தான்.

"ஈஸ்ட் வேல செய்யறப்ப அந்த வெண்ணெய் வாசத்தையும் சேத்து விட்டுட்டுப் போகும்," என்றாள் புஷ்பவல்லி, அமுதவள்ளியிடம். "பாதி வெளிய தெரியும், பாதி ஒளிஞ்சிட்டு இருக்கும். சுட வெச்சா ஒளிஞ்சது வெளிய வரும், அதுக்குத்தான் ரெண்டு கிளாஸ். இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு நாள் பதினாறுல விடணும். விட்டதத் திரும்ப ஈஸ்ட்டே தின்னுரும். அது திங்கறதுக்குள்ள குளிர வெச்சா, ஈஸ்ட் தூங்கிரும். வாசம் அப்படியே நிக்கும். ரெண்டு நாள் பதினாறுல இருக்க வேண்டியது, இது ஒரு நாள்கூட இருக்கல."

"பதினெட்டு மணி இருபத்தஞ்சு நிமிஷம்," என்றார் அமுதவள்ளி. "ஞாயிறு 12.40-லேர்ந்து திங்கள் 7.05 வரைக்கும். அண்ணே, நீங்க தேடச் சொன்னது யாரு சூடாக்குனாங்கன்னு. பீரக் கெடுத்தது சூடாக்குன ஆளு இல்ல. எறக்குன ஆளு. அவரோட ஃபோன் இப்ப உங்க கைலதான் இருக்கு."

கார்த்திகேசு கைப்பேசியைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் வைக்கப் போனார், வைக்காமல் மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"மீன் லோரில," என்று ஆரம்பித்தார். கவிழ்த்த கைப்பேசியை ஓரமாகத் தள்ளினார். "மீன் லோரில டிகிரி ஏறுச்சுன்னா சரக்கு போச்சுன்னு அர்த்தம். இருபது வருஷம். ஏறுனா எறக்கு, அவ்ளோதான் தெரியும். யோசிக்கவே இல்ல."

"தெரியுது," என்றார் அமுதவள்ளி.

"தெரியுதுன்னா போலீஸ் ரிப்போர்ட்ல பேர மாத்தணும் அண்ணே," என்றான் யுகேந்திரன். "டைப் பண்ணது வீணாப் போகக்கூடாதுல்ல."

சுங்க அதிகாரி பேனாவைத் தட்டினார். "ஜாடி, நக் புவாங் கெ தக்?" கொட்டப் போகிறீர்களா இல்லையா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

கார்த்திகேசு புஷ்பவல்லியைப் பார்த்தார். "காப்பாத்த முடியுமா?"

"அஞ்சாவது டேங்க்ல நான் சனிக்கெழம போட்ட பீர் நுரை கட்டி ஓடிட்டு இருக்கு. அதுல இருநூறு லிட்டர் எடுத்து இதுக்குள்ள விடணும். முழிச்சிருக்கற ஈஸ்ட் போய் அந்த வாசத்தத் திங்கும். திரும்பப் பதினாறுக்கு ஏத்தி ஞாயித்துக்கெழம வரைக்கும் யாரும் கை வெக்கக்கூடாது. அதுக்கப்புறம் குளிர வெச்சா, புத்தாண்டுக்கு ரெண்டு நாள் முன்னால சப்ளை. ரொம்ப டைட்டு. ஆனா முடியும்."

"அப்ப செய்யேன்மா."

"தங்கமணிக்கா என் கார்டுல வந்தது தப்புதான். குடுத்தது நான். அவங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

"ஆகாது."

"இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

கார்த்திகேசு சொன்னார். தமிழில் ஒரு தடவை, அதிகாரிக்காக மலாயில் ஒரு தடவை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். "நீ திங்கக்கெழமலேர்ந்து வேலைக்கு வந்துருமா."

"மொதல்ல பீர். அது ஒரு தப்பும் பண்ணல," என்றாள் புஷ்பவல்லி, சட்டைக் கையை மடித்தபடி. "நான் வரதா வேண்டாமான்னு ஞாயித்துக்கெழம சொல்றேன். அந்தக் கழிவுக் குழாயக் கழட்டுங்க. பீர் மாத்தற ஹோஸக் கொதி தண்ணில கழுவி எடுத்துட்டு வாங்க."

ஆலையின் உரிமையாளர் குழாயைக் கழற்றக் குனிந்தார். அதிகாரி படிவத்தில் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் யுகேந்திரன் வாழையிலைச் சாப்பாட்டின் மயக்கத்தில் இருந்தபோது அமுதவள்ளியின் கைப்பேசிக்குத் தங்கமணியின் குரல் செய்தி வந்தது. அமுதவள்ளி ஒலியைக் கூட்டினார்.

'ரெண்டு கிளாசும் ஒரே வாசம் மேடம். வெறும் ரொட்டி. மொதலாளியும் மோந்து பாத்தாரு. நாலு தடவ மோந்துட்டு இன்னும் நம்ப மாட்டேங்கறாரு. இனிமே எறக்கலாமான்னு காலைலேர்ந்து கேட்டுட்டே பலகைக்குப் பக்கத்துல நிக்கிறாரு…'

"புஷ்பவல்லி வேலைக்கு வராங்களான்னு சொல்லலையே," என்றான் யுகேந்திரன்.

அமுதவள்ளி உதட்டில் விரலை வைத்தார். செய்தி முடியவில்லை. தங்கமணியின் பேச்சுக்குப் பின்னால், சற்றுத் தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக, ஒரு பெண்குரல் கேட்டது.

'அண்ணே, கைய எடுங்க. நாளைக்குக் காலைல நான் வந்து எறக்குறேன்.'